மருவூர்ப்பாக்கமும் பிரிக்பீல்ட்சும்

ஒரு நகரத்தை இலக்கியத்தில் காட்டும் வழி இரண்டு. மாடங்களையும் கோபுரங்களையும் காட்டி அதன் தோற்றத்தைப் புலப்படுத்துவது ஒன்று. இன்ன தெருவில் இன்ன தொழில் செய்வோர் வாழ்ந்தனர் என்று கூறி அதன் வாழ்வைப் புலப்படுத்துவது மற்றொன்று. சிலப்பதிகாரத்து இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகார் நகரைக் காட்டப் புகுந்த இளங்கோவடிகள், மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும் இடத்தில் இரண்டாம் வழியையே மேற்கொண்டார். சுண்ணமும் சாந்தும் விற்போர் அங்கே வருகின்றனர். பட்டும் பருத்தியும் நெய்வோர் வருகின்றனர். பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும், மீனும் உப்பும் விற்போரும், கன்னாரும் தச்சரும் கொல்லரும், பொற்கொல்லரும் தையற்காரரும் தோல் தைப்போரும் வரிசையாக வருகின்றனர். துணியாலும் நெட்டியாலும் சிறுபொருள்கள் செய்து பிழைப்போரையும் அவர் விட்டாரல்லர்.

இப்பட்டியலை வெறும் வருணனை என்று கருதி அடுத்த பகுதிக்குக் கடந்து செல்வோர் உண்டு. ஆயினும் இதனுள் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. மணியும் பொன்னும் விற்கும் பெருவணிகர்க்கும் பிட்டு விற்பவர்க்கும் ஒரே காதையில் இடம் உண்டு என்பது அதன் முதற்கூறு. ஒவ்வொருவரும் தாம் ஆக்கும் பொருளாலும் தம் கைத்திறனாலும் பெயர் பெறுகின்றனர் என்பது இரண்டாவது. மரக்கல வணிகத்தின் பொருட்டு வந்து பல மொழி பேசுவோரும் அந்நகரத்தவராகவே எண்ணப்படுகின்றனர் என்பது மூன்றாவது. கடல் கடந்து வாழும் தமிழரைக் குறிக்க இன்று வழங்கும் ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் சொல்லின் மூலம், அக்காதையில் புகாருக்கு வந்த அயல்நாட்டு வணிகரைக் குறித்து நிற்கிறது.

இம்மூன்று கூறுகளையும் அளவுகோலாகக் கொண்டு, கோலாலம்பூரும் கிள்ளானும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வாழ்வை மலேசியத் தமிழ் இலக்கியம் எவ்வாறு காட்டியிருக்கிறது என்று ஆராய்வது பயனுடையது. தோட்ட வாழ்வுக்கு அது செய்த பணி பெரிது. நகரத் தொழில்களுக்கு அது செலுத்தவேண்டிய கடனோ இன்னும் நிலுவையில் இருக்கிறது. இக்கடன் இலக்கியத்தோடு நின்றுவிடுவதன்று. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தம் பெற்றோரின் உழைப்பை எந்தக் கண்ணால் காண்கின்றனர் என்பதையும் அது தொடுகிறது.

சூளையும் தண்டவாளமும்

மலேசியத் தமிழர் முதலில் தோட்டத்தில் இருந்தனர், பின்னர் நகரத்துக்கு வந்தனர் என்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. இது பாதி உண்மையே. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு எழுப்பிய ஊரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு திருப்பிக் கட்டும் முயற்சி அதன்பின் தொடங்கிற்று. சீனத் தலைவர்கள் நடத்திய செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. ஆகவே அவ்வூரின் பெயரே ஒரு தொழிற்பெயர் ஆகும்.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரையில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் அது கிள்ளான் நகரை எட்டியது. 1901-இல் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. தண்டவாளம் இட்டுக் காத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. எழுத்தர் மேசையிலும் நிலைய அலுவலகத்திலும் அமர்ந்தவருள் பலர், யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்று வந்தவர். இவ்விருவகைத் தமிழரும் அருகருகே வாழ்ந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ். 1904-இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும், ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அக்காலத்தின் சான்றுகளாக இன்றும் நிற்கின்றன.

ஈண்டு ஆண்டுகளை ஒப்புநோக்குதல் வேண்டும். மலாயாவில் இரப்பரை வணிகப்பயிராக நட்டது 1895, 1896-ஆம் ஆண்டுகளை ஒட்டியே. கரும்புத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் அதற்கு முன்னரே இருந்தன என்பது மெய். எனினும் இலக்கியம் ‘தோட்டம்’ என்று குறிக்கும் இரப்பர்க்காடு இந்நாட்டில் தழைக்கும் முன்பே, தமிழன் கோலாலம்பூரில் இரயில்வேத் தொழிலாளியாக இருந்தான். அவனைத் தோட்டத்திலிருந்து வழிதவறி நகரத்துக்கு வந்தவனாகக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

தோட்டம் தந்த இலக்கியம்

ஆயினும் இலக்கியத்தின் கண் தோட்டத்தின் மேல் நிலைத்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு. தமிழரிற் பெரும்பகுதியினர் அங்கேயே வாழ்ந்தனர். துன்பமும் அங்கேயே மிகுந்திருந்தது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ 1977-இல் வெளிவந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுச் சயாமில் மடிந்தோரின் கதையைச் சொல்லிற்று. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ சிலாங்கூரின் ஆற்றோர மக்களைச் சப்பானியர் காலத்தின் பின்னணியில் நிறுத்திற்று. கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’, ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டு அடிமைகளாக்கப்பட்டோரின் வாழ்வை எடுத்துக்கொண்டது. ம. நவீனின் ‘பேய்ச்சி’ 2019-இல் கெடா மாநிலத்து லூனாஸ் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்டது. எழுத்தாளர் தலைமுறை மாறியும் தோட்டம் என்னும் களம் மாறவில்லை.

இவ்விலக்கியம் தமிழுக்குத் தந்த சொற்செல்வம் சிறிதன்று. பெரட்டுக் களம், லயம், ஆயாக் கொட்டகை, மங்கு, காண்டா வாளி, கித்தாக் காடு, கங்காணி, கிராணி, மண்டோர் ஆகிய சொற்களில் சில மலாயிலிருந்து வந்தவை. சில ஆங்கிலத்திலிருந்து திரிந்தவை. சில தாயகத்திலிருந்து கப்பலேறியவை. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் நிகழ்ச்சியைப் ‘பெரட்டு’ என்ற ஒரே சொல்லால் எழுத்தாளர் எழுப்பிவிட முடிகிறது. கேட்பவர் உள்ளத்தில் பனியும் இருளும் கிராணியின் குரலும் ஒருங்கே தோன்றுகின்றன. தொழிலுக்குச் சொல் இருந்தமையால் இலக்கியம் பிறந்தது. இலக்கியம் பிறந்தமையால் சொல் வாழ்ந்தது.

குறை யாதெனின், தோட்டமும் நகரமும் தம்முள் தொடர்பற்ற இரு உலகங்கள் என்ற எண்ணத்தையும் இவ்வழக்கம் வளர்த்துவிட்டது. கிள்ளான் வட்டாரத்தில் 1941-ஆம் ஆண்டு நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இவ்வெண்ணத்தை மறுக்கிறது. அதனை முன்நின்று நடத்தியவருள் ஒருவரான ஆர். எச். நாதன், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். கூலி உயர்வு, பிள்ளைகளின் கல்வி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு, துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. படை வரவழைக்கப்பட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நகரத்து அச்சகமும் தோட்டத்து லயமும் அன்று ஒரே போராட்டத்தின் இரு முனைகளாக இருந்தன. இறங்காமல் மிதிவண்டியில் செல்லும் உரிமையைக் கூலியோடு சேர்த்துக் கேட்ட மக்கள், தொழிலும் மானமும் வேறல்ல என்பதை அறிந்திருந்தனர்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

மிகுதியான மக்கள் வாழ்ந்த இடத்தையே இலக்கியம் பாடும். இதில் குற்றம் என்ன என்று வினவலாம். 1970-ஆம் ஆண்டு வரையில் இவ்வினாவுக்கு வலிமை உண்டு. அவ்வாண்டில் மலேசிய இந்தியருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே நகரவாசி. 2000-ஆம் ஆண்டிலோ, ஐவரில் ஏறத்தாழ நால்வர் நகரவாசிகள். முப்பது ஆண்டுகளில் ஒரு சமுதாயத்தின் இருப்பிடம் தலைகீழாக மாறியது. இலக்கியத்தின் களம் அந்த அளவுக்கு மாறவில்லை.

நகரத்தை எழுதியவர் இல்லாமல் இல்லை. ரெ. கார்த்திகேசு அவர்களின் நாவல்கள் கற்ற நடுத்தர வகுப்பினரின் நகர வாழ்வைப் பண்பட்ட நடையில் காட்டின. ம. நவீனின் ‘சிகண்டி’, கோலாலம்பூரின் சௌ கிட் பகுதியின் இருண்ட தெருக்களையும் திருநங்கையர் வாழ்வையும் துணிவோடு காட்டிற்று. இவை போற்றத்தக்கவை. ஆயினும் ஒருபால் வரவேற்பறை, மற்றொருபால் இருட்சந்து. இவ்விரண்டுக்கும் இடையில் காலையில் எழுந்து வேலைக்குச் செல்லும் நகரத் தமிழர் பெருங்கூட்டம் நிற்கிறது. அவர்களின் வீட்டுத் துயரமும் காதலும் சிறுகதைகளில் இடம்பெற்றுள்ளன. அவர்கள் செய்யும் வேலை, அதன் நுணுக்கம், அதன் சொற்கள், அதில் ஒருவர் உயர்வதும் வீழ்வதும் எவ்வாறு என்பன பெரும்பாலும் கதைக்கு வெளியிலேயே தங்கிவிடுகின்றன. “அவன் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான்” என்ற ஒரு தொடரோடு பல கதைகள் தொழிலை முடித்துக்கொள்கின்றன. புகாரின் தெருக்களில் இளங்கோவடிகள் இவ்வாறு நடக்கவில்லை.

வட்டிக்கடையைக் கண்ட கண்

தொழிலை உள்ளிருந்து காட்டுவது நாவலுக்கு இயலாத செயலன்று என்பதற்கு ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ சான்று. 1959-இல் வெளிவந்த அந்நாவலின் களம் பினாங்கு. வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து திரும்பும்போது, முதலாளி அவனுக்குத் தம் மகளைக் கொடுக்க மறுக்கிறார். மேற்போக்காகப் பார்ப்பவருக்கு இது காதல் தோல்விக் கதை. ஆழ்ந்து நோக்குவார்க்கு இது தொழில் பற்றிய கதை. வட்டிக்கடைக்கு வேண்டிய பணிவும் பொறுமையும் கணக்குப் புத்தியும், துப்பாக்கி பிடித்த கைக்கு இனி வாரா என்று முதலாளி முடிவு செய்கிறார். அவர் கொடியவர் அல்லர். தம் தொழிலின் அறத்தை அறிந்தவர். அவர் தீர்ப்பில் உண்மையும் இருக்கிறது. இதனாலேயே அம்மறுப்பு படிப்போர் நெஞ்சைச் சுடுகிறது.

சிங்காரத்துக்கு இது கைவந்ததன் காரணம் வெளிப்படை. இளமையில் கடல்கடந்து சென்று மேடான் நகரில் கடை வேலை பார்த்தவர் அவர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் வட்டிக்கடைப் படிநிலைகள் அவருக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல. பெட்டியடியில் தொடங்கியவன் அடுத்தாளாக உயர்வதற்குள் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், எத்தனை சொல்லை விழுங்க வேண்டும் என்பதை அறிந்தவர் கையில், ஒரு பதவிப்பெயரே பாத்திரப் படைப்பாகிவிடுகிறது.

கோலாலம்பூரில் அதே வட்டித்தொழில் லெபோ அம்பாங் தெருவின் கிட்டங்கிகளில் நடந்தது. போருக்குப்பின் சப்பானியர் நோட்டுகள் செல்லாக்காசான கதையும், வங்கிகளின் வளர்ச்சியால் அத்தொழில் சுருங்கிய கதையும் அத்தெருவுக்கும் உரியனவே. பினாங்குக் கடைக்கு ஒரு சிங்காரம் கிடைத்தார். லெபோ அம்பாங்குக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் அத்தகைய ஒரு நாவல் வாய்க்குமாயின், கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வரலாறே வேறு ஒளியில் தோன்றும்.

நான்கும் பிரிந்த வாழ்வு

நகரத் தொழிலை எழுதுவது ஏன் கடினமாயிற்று? எழுத்தாளரின் சோம்பலைக் காரணமாகக் கூறுவது நேர்மையன்று. காரணம் தோட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தோட்டத்தில் வேலை, வீடு, பள்ளி, கோயில் ஆகிய நான்கும் ஒரே எல்லைக்குள் அடங்கியிருந்தன. நான்கும் ஒரே நிருவாகத்தின் கையில் இருந்தன. கங்காணியும் கிராணியும் துரையும் ஒரே மேடையில் தோன்றினர். நாவலாசிரியர் தேடிச் செல்லவேண்டிய இட ஒருமையைத் தோட்டமே ஆயத்தமாக வைத்திருந்தது. காலையில் பெரட்டு, மாலையில் கோயில், இரவில் லயம் என ஒரு நாளின் போக்கே கதையின் போக்கும் ஆகிவிட்டது.

பின்னர் அந்நிலம் மாறியது. எபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் 1950-களில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகரும் ஆயிற்று. சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா வளர்ந்தது. 1990-களில் பிராங் பெசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் புத்ராஜெயாவுக்கு வழிவிட்டன; அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் பகுதி அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பால்வெட்டுத் தொழிலாளி வேலையை மட்டும் இழந்தானல்லன்; வேலையோடு பிணைந்திருந்த மூன்றையும் இழந்தான்.

நகரத்தில் இந்நான்கும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. கூலி ஒரு தொழிற்சாலையிலிருந்து வருகிறது. வீடு வேறொருவருக்கு வாடகை கொடுத்துப் பெறுவது. பள்ளி பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. கோயிலின் நிலமோ யாருக்குரியது என்ற வழக்கில் கிடக்கிறது. மனிதன் ஒருவனே, அவனுடைய நாள் நான்கு துண்டுகளாகச் சிதறிவிட்டது. இச்சிதறலே நகரத் தமிழரின் தலையாய அனுபவம். தோட்ட நாவலின் பழைய அச்சில் இதனை வார்க்க முயலும்போது, இழப்பு என்னும் ஒரு பகுதி மட்டும் அச்சில் விழுகிறது. புதிய வாழ்வு வெளியே சிந்திவிடுகிறது. தோட்டம் போயிற்று என்ற ஒப்பாரியோடு கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அம்மனிதன் எங்கே வேலைக்குச் சென்றான் என்பதைக் கேட்பார் இல்லை.

இதற்கு வழி இல்லையா? மருவூர்ப்பாக்கத்துப் பட்டியலில் வழி இருக்கிறது. அங்கே ஒரே நாயகன் இல்லை. நடை மட்டும் உண்டு. தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வாயிலிலும் நின்று, அங்குள்ள தொழிலைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்த நடையே சிதறிய நகரத்தை ஒன்றாகக் கோக்கும் நூல். இட ஒருமையை இழந்த எழுத்தாளர்க்கு இதைக் காட்டிலும் பழைய, உறுதியான முன்மாதிரி வேறு தேடவேண்டுவதில்லை.

பெயர் பெறாத தொழில்கள்

இன்று அவ்வாறு நடக்கும் ஒருவர் எவற்றைக் காண்பார்? சுவெட்டன்ஹம் என்னும் பெயர் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என மாறியது; அடுத்த ஆண்டே அங்குக் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. மூட்டை சுமந்த தோள்களின் வேலையைப் பாரந்தூக்கிகள் ஏற்றுக்கொண்டன. முதுகின் தொழில் கண்ணின் தொழிலாகவும் கையின் தொழிலாகவும் மாறிற்று. கொள்கலன் ஏற்றிய நீண்ட லாரியை இரவெல்லாம் ஓட்டிச் செல்லும் தமிழர் அம்மாற்றத்தின் பிள்ளைகள். அவர்கள் பேச்சில் வழங்கும் சொற்களை எந்த அகராதியும் இன்னும் முறையாகத் தொகுக்கவில்லை.

பிரிக்பீல்ட்சில் இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பழைய பரந்த நிலம் 2001-இல் கே.எல். சென்ட்ரல் என்னும் பெருநிலையம் ஆயிற்று. அதனைச் சூழ வானளாவிய அலுவலகங்கள் எழுந்தன. தண்டவாளத்தைக் காத்தவரின் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் அக்கட்டடத்தில் கணக்காயராக இருக்கலாம். மற்றொருவர் அதன் வாயிலில் சீருடையணிந்து காவல் புரியலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் பேச்சுத்தமிழ் காவற்காரரை ‘ஜாகா’ என்கிறது. கிராணி என்னும் சொல்லுக்கு நாவலில் கிடைத்த வாழ்வு ஜாகாவுக்குக் கிடைக்கவில்லை. அதே தெருக்களில் பார்வையற்றோர் உடல்பிடித்துவிடும் தொழில் நடத்துகின்றனர். 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அங்கு இருப்பதோடு தொடர்புடைய தொழில் அது. பூக்கட்டுவோர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையினர், மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்போர், கைப்பேசி காட்டும் வழியில் வாடகை வண்டி ஓட்டுவோர் எனப் பட்டியல் நீளும். மாலையில் தெருவை அடைத்துப் பரப்பும் ‘பசார் மாலாம்’ வேறொன்றன்று. மதுரைக்காஞ்சி காட்டும் அல்லங்காடியே அது. சொல்லுக்குச் சொல் அதே பொருள்.

2010-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ என்னும் பெயரோடு, மலேசிய, இந்தியப் பிரதமர்கள் முன்னிலையில் திறந்துவைக்கப்பட்டது. வளைவுகள் எழுந்தன, யானை உருவங்கள் தாங்கிய நீரூற்று அமைந்தது, தெரு வண்ணம் பெற்றது. வணிகர்க்கு இதனால் நன்மை விளைந்திருக்கலாம். ஆயினும் தொடக்கத்தில் கூறிய இரு வழிகளுள் இது முதல் வழி. மாடமும் வளைவும் காட்டும் நகரம் பார்க்க வருவோர்க்கு உரியது; தொழில் காட்டும் நகரமே அங்கு வாழ்வோர்க்கு உரியது. இரண்டாவதை அமைக்கும் பொறுப்பு அரசுக்குரியதன்று, எழுத்தாளர்க்குரியது.

இவற்றுள் மூன்று தொழில்களின் நிலை தனியே எண்ணத்தக்கது. துணிக்கடை, நகைத்தொழில், முடிதிருத்தகம் ஆகிய மூன்றிலும் வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை மலேசிய அரசு 2009-இல் நிறுத்தியது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தொழில் நடத்துவோர் பல்லாண்டு முறையிட்டபின் 2023-இல் அதற்கு மீண்டும் இசைவளித்தது. பொருளாதாரச் செய்தியாக இது நாளிதழில் ஒரு மூலையில் முடிந்துவிடும். இலக்கிய மாணவர்க்கோ இது பெரிய செய்தி. பொற்கொல்லரும் துணி விற்போரும் புகாரிலேயே பெயர் பெற்றவர்கள். அத்தொழில்களைத் தந்தையிடம் பயின்ற மகன் இன்று ஏன் அவற்றை ஏற்க மறுக்கிறான்? ஊதியம் குறைவென்பதாலா? நேரம் மிகுதி என்பதாலா? அத்தொழிலைச் சொல்லி மதிப்புப் பெற முடியாது என்பதாலா? முதல் இரண்டுக்கும் பொருளியலார் விடை கூறுவர். மூன்றாவதற்கு இலக்கியம் விடை கூறவேண்டும். ஏனெனில் மதிப்பு என்பது சொல்லால் ஆக்கப்படுவது. மகன் விட்டுச்சென்ற பட்டறையில் தமிழகத்திலிருந்து புதிதாக வந்து அமர்ந்திருப்பவரும் புலம்பெயர்ந்தவரே. நூறாண்டுக்கு முன் முன்னோர் வந்த அதே வழியில் வந்தவரைப் பழந்தமிழ்க் குடி எவ்வாறு நோக்குகிறது என்பது, எழுதுவார் கைக்குக் காத்திருக்கும் பெருங்கதை.

தொழிலை எழுதினால் இலக்கியம் செய்தித்தொகுப்பாகத் தாழ்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. வேலையின் விவரங்களை அடுக்குவது மட்டும் இலக்கியம் ஆகாது என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதே. சிங்காரத்தின் நாவல் உயர்ந்து நிற்பது வட்டிக்கணக்கு தெரிந்ததால் அன்று. அக்கணக்கு ஒரு மனிதனின் நெஞ்சை எங்கே அறுக்கிறது என்று தெரிந்ததால். ஆனால் கணக்கு தெரியாதவர்க்கு அறுபட்ட இடம் தெரிய வழியில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது

இக்கடனைத் தீர்ப்பதில் தமிழாசிரியர்க்குப் பங்கு உண்டு. தோட்டத்துப் பள்ளிகள் பல நகரப் புறங்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அங்குப் பயிலும் பிள்ளைக்குக் காண்டா வாளி என்பது பாட்டி சொன்ன சொல். தாய் நாள்தோறும் நின்று வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலையின் சொற்களோ அவன் தமிழ் வகுப்புக்குள் நுழைவதில்லை. வீட்டுக்கு உணவு தரும் தொழில் வகுப்பறையில் பெயரற்றுப் போனால், தமிழ் என்பது பழையன பற்றிப் பேசும் மொழி என்றே அப்பிள்ளை எண்ணும்.

இந்திரவிழவு ஊரெடுத்த காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், பொழிப்புரையோடு நின்றுவிடாமல், மாணவரைத் தத்தம் தெருவுக்கு அனுப்பலாம். தந்தையும் தாயும் அண்டை வீட்டாரும் செய்யும் தொழில் யாது, அதில் வழங்கும் கருவி, அதன் பெயர், அப்பெயர் எம்மொழிச் சொல், வேலையில் தேர்ந்தவரை எவ்வாறு அழைப்பர் என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம். ‘ஒப்பரேட்டர்’ என்றும் ‘கொந்தரேக்டர்’ என்றும் அவர்கள் எழுதிவந்தால், அச்சொற்களை அடித்துத் திருத்தும் முன் அவற்றின் பின்னேயுள்ள உழைப்பைக் கேட்டறிதல் வேண்டும். கிராணியும் மண்டோரும் பிறமொழிச் சொற்களே. வாழ்வு அவற்றைத் தமிழாக்கிற்று. தூய சொல் படைப்பதும் நற்பணியே. ஆயினும் தொழில் செய்வோர் நாவில் ஏறாத சொல், எவ்வளவு தூயதாயினும், பட்டியலில் ஒரு மனிதனைக் காட்டாது.

இவ்வாறு ஐந்தாண்டு தொகுக்கப்படும் சொற்களே ஒரு நாட்டுப் பெருந்தொகையாகும். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் இது அரிய செயலன்று. அத்தொகையிலிருந்து நாவல் உடனே பிறந்துவிடாது. ஆனால் நாவல் எழுதப் பிறந்தவர் அத்தகைய வகுப்பு ஒன்றில் எங்கோ ஒரு மூலையில் அமர்ந்திருத்தல் கூடும். தன் தந்தையின் லாரிக்கும் தாயின் பூக்கடைக்கும் தமிழில் இடம் உண்டு என்பதை அவர் பத்து வயதில் அறிந்துகொள்வாராயின், அதுவே அக்காதையின் தொடக்கம்.